திமிங்கலத்துக்கு எவ்வளவு காற்று?

“இந்த ஓட்டையெல்லாம் எதுக்கு மாமா?”

கேட்டவள் நோண்டி. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறொரு நல்ல பெயர் உண்டு. ஆனால் கையில் கிடைத்ததைத் திருகி, தட்டி, திறந்து பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் வீட்டிலும் தெருவிலும் அவள் நோண்டிதான். போன மாதம் அம்மாவின் கடிகாரம் அவளிடம் அகப்பட்டுக்கொண்டது. அது இப்போதும் ஓடுகிறது. பின்னோக்கி.

மாமா தன் வேனின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோகிற வேன் அது. அவர் கையில் புதிதாக வாங்கிய காற்றடிக்கும் மெஷின் இருந்தது. பேட்டரியில் ஓடும் மெஷின். பெரிய தண்ணீர் பாட்டில் அளவுதான் இருக்கும். முன்னால் ஒரு சின்னத் திரை, மேலே கறுப்பு ரப்பர் குழாய், இரண்டு பக்கமும் மீனின் செவுளைப் போல வரிவரியாக ஓட்டைகள்.

“அது மெஷின் மூச்சு விடற வழி,” என்றார் மாமா. “உள்ளே மோட்டார் சுத்தும்போது சூடாகும். அந்தச் சூடு வெளியே போகணும் இல்ல?”

“போகலன்னா?”

“உன் மூக்கையும் வாயையும் பொத்தினா என்ன பண்ணுவே?”

“கத்துவேன்.”

“பொத்தின பிறகு எப்படிக் கத்துவே?”

இது நல்ல கேள்வி என்று நோண்டிக்குத் தோன்றியது. மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு கத்திப் பார்த்தாள். ‘ம்ம்ம்’ என்றுதான் வந்தது.

மாமா வேனின் கதவைத் திறந்தார். கதவின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் டயரின் காற்று அளவாக ஓர் எண் இருந்தது. ஐம்பது. மெஷினின் திரையிலும் பொத்தானை அழுத்தி ஐம்பது என்று வைத்தார்.

“ஏன் ஐம்பது? நூறு வச்சா இன்னும் நல்லா இருக்குமே?”

“வண்டியைச் செஞ்சவங்க ஐம்பது போதும்னு எழுதியிருக்காங்க. நூறு வச்சா டயர் வெடிச்சு நம்ம மேலேயே வரும். இப்படித் தள்ளி நில்லு. சக்கரத்துக்கு நேரா நிக்காதே.”

குழாயின் முனையைச் சக்கரத்தில் திருகினார். பொத்தானை அழுத்தினார். டர்ர்ர் என்று மெஷின் அலறியது. மரத்திலிருந்த காக்கைகள் பறந்தே போய்விட்டன. திரையில் எண்கள் ஏறின. நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு… ஐம்பது வந்ததும் மெஷின் தானாகவே நின்றது.

நோண்டிக்கு மெய்சிலிர்த்தது. “அதுவே நிக்குதே. அப்போ நீங்க ஆன் பண்ணிட்டு உள்ளே போய் டீ குடிக்கலாமே மாமா?”

“தானா நிக்கும், சரி. ஒருநாள் நிக்காம போனா? டீயை இங்கே கொண்டுவந்து குடிக்கலாம். மெஷினை விட்டுட்டுப் போகக்கூடாது. ஏய், முனையில கை வைக்காதே. கொதிக்கும்.”

நீட்டிய விரலை நோண்டி மடக்கிக்கொண்டாள்.

“இன்னொண்ணு,” என்று குரலைத் தாழ்த்தினார் மாமா. “இதுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. கடைசியா வச்ச எண்ணை மறக்கவே மறக்காது. போன வாரம் வேனுக்கு அடிச்சிட்டு, அதே எண்ணோட எதிர்வீட்டுப் பையன் பந்துக்கு அடிச்சேன்.”

“என்ன ஆச்சு?”

“அவனுக்குப் புதுப் பந்து வாங்கிக் கொடுத்தேன்.”

நோண்டி சிரித்து முடித்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். “மாமா, நாளைக்கு ஒரு நாள் இதை ஸ்கூலுக்குக் கொண்டு போகட்டுமா? ஒரு திமிங்கலத்துக்குக் காத்தடிக்கணும்.”

மாமா துணியால் கையைத் துடைப்பதை நிறுத்தினார். “எதுக்கு?”

“திமிங்கலத்துக்கு. பிளாஸ்டிக் ஷீட்டுல நாங்களே ஒட்டினது. உள்ளே நடந்து போகலாம். ஒண்ணாம் கிளாஸ் குட்டிகளை நாளைக்கு மத்தியானம் உள்ளே கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கோம். டீச்சர் கடையில ஏதோ காத்து மெஷின் வாடகைக்கு எடுக்கறேன்னாங்க. நான்தான் வேண்டாம், எங்க மாமாகிட்ட இருக்குன்னு…”

“சொல்லிட்டியா?”

“கை தூக்கிட்டேன். அப்புறம் வாய் தானா சொல்லிடுச்சு.”

மாமா வேனைப் பார்த்தார். “எவ்வளவு பெரிசு?”

“உங்க வேனைவிடக் கொஞ்சம் பெரிசு.”

“அதுக்கு எந்த எண்ணை வைப்பே?”

நோண்டி விழித்தாள். திமிங்கலத்தின் மேல் யாரும் சீட்டு ஒட்டவில்லையே. மாமாவும் தலையைச் சொறிந்தார். அவருக்கும் தெரியவில்லை.

“சரி, கொண்டு போ,” என்றார் கடைசியில். “ஆனா சாயந்தரம் எனக்கு இது வந்தாகணும். விடியறதுக்கு முன்னாடி தூரமா ஒரு லோடு இருக்கு. போன தடவை அந்த ரோட்டுலதான் காத்து இறங்கி, ஆள் அரவமே இல்லாத இடத்துல தேவுடு காத்தேன். டீச்சர் பக்கத்துல இருந்தாதான் ஆன் பண்ணணும். காத்து வர்ற முனையை யார் கண்ணு, காது பக்கமும் காட்டக்கூடாது. விளையாட்டுக்குக்கூட. மெஷினும் பத்திரமா வரணும், பிள்ளைங்களும் பத்திரமா இருக்கணும்.”

“ரெண்டும் பத்திரம் மாமா,” என்றாள் நோண்டி.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடக் கூடத்தின் தரை முழுக்கத் திமிங்கலம் படுத்துக் கிடந்தது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது தரையில் விரிப்பார்களே, அந்த நீல ஷீட்டுகளை ஒட்டிச் செய்தது. காற்று இல்லாததால் துவைத்துப் போட்ட போர்வை மாதிரி இருந்தது. அதற்கு அடிப்பக்கமும் ஷீட்தான். வாய் மட்டும் நல்ல அகலம். அப்படி அகலமாக வெட்டச் சொன்னவன் கேப்டன்.

கேப்டன் சக்கர நாற்காலியில் வருகிறவன். திமிங்கலத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாததே கிடையாது. அதனால் வயிற்றுக்குள் இருந்துகொண்டு குட்டிகளுக்கு விளக்கம் சொல்லும் வேலை அவனுக்கு. மூன்று நாளாக வீட்டில் கண்ணாடி முன்னால் பேசிப் பழகியிருந்தான்.

இன்றைக்கு அவன் கூடத்துக்குள் வந்ததே கோணலாக இருந்தது. நேராகத் தள்ளினாலும் நாற்காலி இடதுபக்கமாகப் போனது.

“என்னடா, வண்டி ஓட்டவே மறந்துட்டியா?” என்று கேட்டான் அவசரம். அவசரம் என்பது ஒரு பையன். ஷூவுக்குக் கயிறு கட்டும் நேரம்கூட வீண் என்று நினைப்பவன்.

“நான் நேராதான் போறேன். ஸ்கூல்தான் கோணலா இருக்கு,” என்றான் கேப்டன்.

அறிவியல் டீச்சர் மெஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழாயை நுழைக்க வாலில் சின்னதாக ஒரு துளை போட்டார்கள். அதற்குள் அவசரம் குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு, “கேப்டன், வா, உன் காதுல இருக்கற அழுக்கெல்லாம் எடுத்து விடறேன்,” என்றான்.

நோண்டி வெடுக்கென்று குழாயைப் பிடுங்கினாள். “வேன் டயரையே புடைக்க வைக்கிற காத்துடா இது. காதுக்குள்ள போனா அவன் காது அவ்வளவுதான்.”

“சும்மா சொன்னேன்.”

“நான் சும்மா சொல்லல.”

குழாயைத் துளையில் நுழைத்து டேப் ஒட்டினார்கள். டீச்சர் பக்கத்தில் நிற்க, நோண்டி பொத்தானை அழுத்தினாள். டர்ர்ர். கூடமே அதிர்ந்தது. எல்லோரும் திமிங்கலத்தைப் பார்த்தார்கள். வாலின் நுனி லேசாக அசைந்தது. அவ்வளவுதான்.

நோண்டி திரையைப் பார்த்தாள். சைபர். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தாள். அப்போதும் சைபர்.

“மெஷினுக்குத் திமிங்கலம் கண்ணுக்கே தெரியல போல,” என்றான் கேப்டன்.

டீச்சர் மறுகோடிக்குப் போய், திமிங்கலத்துக்குக் கண் ஒட்டும் பிள்ளைகளுக்கு உதவ ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் கணக்கு சார் வந்து நின்றார். பக்கத்து வகுப்பில் அவர் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார்.

“இங்கே என்ன, கிணறு தோண்டறீங்களா? பசங்க கூட்டல் கணக்குல ‘டர்’னு எழுதி வச்சிருக்காங்க.”

“இதோ சார்,” என்றாள் நோண்டி.

பாவம், பரீட்சை எழுதுகிறவர்களுக்கு எவ்வளவு தொந்தரவு. என்ன செய்யலாம் என்று பார்த்தாள். அவளுடைய ஸ்வெட்டர் நாற்காலியில் கிடந்தது. அதை எடுத்து மெஷினைச் சுற்றிலும் நன்றாகச் சுற்றினாள். சத்தம் பாதியாகக் குறைந்தது. கணக்கு சார் தலையாட்டிவிட்டுப் போனார். ஒரே யோசனையில் எல்லோருக்கும் நல்லது செய்துவிட்ட திருப்தியில் நோண்டி உட்கார்ந்திருந்தாள்.

வால் ஒரு தலையணை அளவுக்கு உப்பியது.

“இந்த வேகத்துல போனா நான் ஒண்ணாம் கிளாஸ் குட்டிகளோட பேரப்பிள்ளைங்களுக்குத்தான் விளக்கம் சொல்லணும்,” என்றான் கேப்டன்.

யாரும் சிரிக்கவில்லை. ஏதோ வாடை வந்தது. புதுச் செருப்பை வெயிலில் போட்டால் வருமே, அந்த மாதிரி ரப்பர் வாடை. மெஷினின் குரல் மாறியது. திடீரென்று நின்றே போய்விட்டது.

நோண்டி ஸ்வெட்டரை இழுத்தாள். கை சுட்டது. செவுள் ஓட்டைகள் அத்தனையையும் கம்பளி மூடியிருந்தது.

‘உன் மூக்கையும் வாயையும் பொத்தினா என்ன பண்ணுவே?’

அவளாவது நேற்று ‘ம்ம்ம்’ என்று சொன்னாள். மெஷினால் அதுகூடச் சொல்ல முடியவில்லை. நோண்டிக்கு மாமாவின் பேச்சு ஞாபகம் வந்தது. விடியறதுக்கு முன்னாடி லோடு. ஆள் அரவமில்லாத ரோடு. மாமா அங்கே நின்றுகொண்டிருப்பது போலவே இருந்தது.

“இன்னொரு தடவை அமுக்குடி, ஓடும்,” என்று அவசரம் கையை நீட்டினான்.

“தொடாதே.”

“சாப்பாட்டு மணி அடிக்கப் போகுது. சாப்பிட்டதும் குட்டிங்க வந்துடுவாங்க.”

“வரட்டும். இது முதல்ல ஆறணும். சூடா இருக்கும்போது ஓட்டினா முழுசா போயிடும். அப்போ திமிங்கலமும் இல்ல, மெஷினும் இல்ல.”

“அப்போ குட்டிங்ககிட்ட நீயே சொல்லு.”

அது சுருக்கென்று குத்தியது. கை தூக்கியது அவள்தானே.

டீச்சர் ஓடி வந்தார். நோண்டி எதையும் மறைக்கவில்லை. ஸ்வெட்டரைக் காட்டி, “நான்தான் டீச்சர் சுத்தினேன். சத்தம் குறையட்டும்னு,” என்றாள்.

டீச்சர் மெஷினைக் கிட்டப் போய் முகர்ந்து பார்த்தார். “ரொம்பச் சூடானதும் அதுவே நின்னுடுச்சு. உன்னைவிட அது உஷார். குழாயைக் கழட்டி, வெளியே நிழல்ல காத்தாட வை. துணியில பிடிச்சுக் கொண்டு போ. நான் அந்த வாடகைக் கடைக்குப் போன் பண்ணிப் பார்க்கறேன்.”

கடைக்காரர், இருந்த மெஷினெல்லாம் காலையிலேயே வெளியே போய்விட்டன என்று சொல்லிவிட்டார்.

நோண்டி மெஷினைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். வாட்ச்மேன் அண்ணனின் அறை வாசலில் நிழலாக இருந்தது. சிமென்ட் தரையில், சுவரை ஒட்டாமல், ஓட்டைகள் இரண்டு பக்கமும் திறந்திருக்கும்படி அதை வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று உள்ளேயிருந்து கேட்டார் வாட்ச்மேன் அண்ணன். மேசை விசிறிக்கு முன்னால் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டை ‘காவல்’ காத்துக்கொண்டிருந்தார்.

“மெஷினுக்கு அண்ணே. காய்ச்சல்.”

“ஓ,” என்று அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

நோண்டி யோசித்தாள். நேற்று வேன் சக்கரத்தில் எண்கள் கடகடவென்று ஏறின. அதே மெஷின், அதே காற்று. இங்கே சைபரைத் தாண்டவில்லை. ஏன்?

சக்கரத்துக்குள் இடம் கொஞ்சம். ரப்பரோ கெட்டி. அங்கே காற்றை மல்லுக்கட்டித் திணிக்க வேண்டும். மெஷின் செய்வது அந்த வேலையைத்தான். கொஞ்சம் காற்று, ஆனால் முரட்டுக் காற்று. திமிங்கலத்துக்குள் இடம் ஏராளம். ஷீட் மெலிசு. வாயும் திறந்தே கிடக்கிறது. அங்கே யாரோடு மல்லுக்கட்டுவது? ஊசியால் ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விட்டுத் தொட்டியை நிரப்புகிற கதைதான்.

அப்படியானால் திமிங்கலத்துக்கு எந்த எண்ணும் வேண்டாம். நிறையக் காற்று வேண்டும். ஆனால் சாதுவான காற்று. அது எங்கே கிடைக்கும்?

அவள் தலையைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே திடுக்கிட்டாள். வாட்ச்மேன் அண்ணனுக்குப் பின்னால் தொந்தியும் தொப்பையுமாக இன்னோர் ஆள் நின்றுகொண்டிருந்தார். கைகளை விரித்துக்கொண்டு, தலையே இல்லாமல்.

அது ஆள் இல்லை. ஆணியில் தொங்கிய மழைக்கோட்டு. விசிறி வலதுபக்கம் திரும்பும்போது காற்று கோட்டின் அடிவழியாக நுழைந்தது. உடனே கோட்டுக்கு வயிறு வந்தது, கைகள் வந்தன. விசிறி இடதுபக்கம் திரும்பியதும் ஆள் மெலிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். விசிறி வந்ததும் மறுபடி தொப்பை. கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

நோண்டி மெதுவாக எழுந்தாள்.

“அண்ணே, உங்க ஃபேன் வேணும்.”

வாட்ச்மேன் அண்ணனின் இரண்டு கண்களும் முழுசாகத் திறந்தன. இந்தப் பள்ளிக்கூடத்தில் அதை யாரும் அதிகம் பார்த்ததில்லை.

“என்னோட சம்பளத்தைக் கேளு, தர்றேன். ஃபேனைக் கேட்காதே.”

“கொஞ்ச நேரம்தான் அண்ணே. திமிங்கலம் மூச்சில்லாம கிடக்கு.”

“நானும்தான் மூச்சில்லாம கிடப்பேன்.”

“திமிங்கலத்துக்குள்ள முதல் ஆளா நீங்கதான் போறீங்க. உள்ளே காத்து ஓடிக்கிட்டே இருக்கும். இங்கே இருக்கறதைவிட ஜில்லுனு இருக்கும்.”

வாட்ச்மேன் அண்ணன் யோசித்தார். மழைக்கோட்டை ஒரு முறை பார்த்தார். பிறகு விசிறியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். வேறு யார் தூக்கினாலும் அவருக்கு நம்பிக்கை இல்லை.

வாலின் நுனியை டீச்சர் கத்தரித்து, ஒரு சட்டைக்கை மாதிரி ஆக்கினார். விசிறி திரும்பாதபடி நிறுத்தி, அதன் முன்பக்கத்தைச் சுற்றி அந்தக் கையை டேப் போட்டு ஒட்டினார்கள். விசிறியின் பின்பக்கத்தைப் பொத்த அவசரம் ஒரு அட்டையோடு வந்தான். நோண்டி அவன் கையைப் பிடித்தாள்.

“அந்தப் பக்கம்தான்டா அது மூச்சை இழுக்கும். நான் பொத்தி வாங்கினது போதாதா?”

யார் காலும் தடுக்காதபடி ஒயரைச் சுவரோரமாக ஒட்டினார் டீச்சர். பிறகு அவரே சுவிட்சைப் போட்டார்.

சத்தமே இல்லை. விர்ர் என்று ஒரு முனகல் மட்டும். போர்வைக்குள் யாரோ புரண்டு படுப்பது போல வால் அசைந்தது. வயிறு மேலே எழுந்தது. கசங்கிக் கிடந்த முதுகு நிமிர்ந்தது. அப்புறம் தலை, ஒட்டின கண், அகலமான வாய். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டு திமிங்கலம் எழுந்து நின்றது.

பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். அவசரம்கூட நின்ற இடத்தில் நின்றான்.

“முதல் ஆள் நான்தானே?” என்று கேட்டுக்கொண்டே வாட்ச்மேன் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இனி கேப்டன் போக வேண்டும். வாயருகே வந்து, இடது சக்கரத்தை உள்ளே தள்ளினான். சக்கரம் ஷீட்டைச் சுருட்டி இழுத்தது. டேப் பிரியும் சத்தம் கேட்டது. திமிங்கலமே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளேயிருந்து, “யாரது, என்னைக் கவுக்கறது?” என்று குரல் வந்தது.

கேப்டன் சட்டென்று பின்னால் போனான். மறுபடி முயன்றான். மறுபடியும் ஷீட் சுருண்டது.

“சரி விடு. நான் வெளியே இருந்தே கத்தறேன். என் குரல் எங்கே இருந்தாலும் கேட்கும்,” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவன் யாரையும் பார்க்கவில்லை. அவன் வெட்டச் சொன்ன அந்த அகலமான வாயைத்தான் பார்த்தான்.

மற்றவர்கள் டேப்பைச் சரிசெய்யப் போனார்கள். நோண்டி மட்டும் குனிந்து இடது சக்கரத்தைப் பார்த்தாள். கட்டை விரலால் அழுத்தினாள். மெத்தென்று உள்ளே போனது.

“ஸ்கூல் கோணல் இல்லடா. உன் டயர்ல காத்து இல்ல.”

“அதான் தெரியுமே. காலையில இருந்து இழுத்து இழுத்து என் கையே போச்சு.”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“நீ திமிங்கலத்துக்கே காத்தில்லாம முழிச்சிக்கிட்டு இருந்தே. நான் வேற எதுக்கு?”

நோண்டி தாழ்வாரத்துக்கு ஓடினாள். மெஷினின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. குளிர்ந்தே போயிருந்தது. ஓடுமா, ஓடாதா? அதைத் தெரிந்துகொள்ள அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

டீச்சரைக் கையோடு கூட்டிவந்தாள். கேப்டன் பிரேக்கைப் போட்டான். சக்கரத்தின் மூடியைக் கழற்றினால், உள்ளே வேன் சக்கரத்தில் இருந்த அதே மாதிரி காற்று வாய். குழாய் சரியாகத் திருகிக்கொண்டது.

“அமுக்கு, அமுக்கு,” என்றான் அவசரம்.

“இரு.”

நோண்டி திரையைப் பார்த்தாள். ஐம்பது. மாமாவின் வேன் இன்னும் அதற்கு ஞாபகம் இருந்தது.

நாற்காலிக்குக் கதவில்லை, சீட்டு ஒட்ட. அப்படியானால் எங்கே எழுதியிருப்பார்கள்? டயரின் பக்கவாட்டில் படிந்திருந்த மண்ணை ஸ்வெட்டரின் கையால் துடைத்தாள். ரப்பரில் எழுத்துகள் மேடாகத் தெரிந்தன. அதிகபட்சம் முப்பத்தாறு.

“ஐம்பதுலயே அடிச்சிருந்தா?” என்று கேட்டான் கேப்டன்.

“எதிர்வீட்டுப் பந்து ஆகியிருப்பே.”

“அது யாரு?”

“அப்புறம் சொல்றேன். ஒரு சோகக்கதை.”

பொத்தானை அழுத்தி அழுத்தி முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்தாள். சக்கரத்துக்கு நேராக நின்றிருந்த அவசரத்தைப் பக்கவாட்டில் தள்ளினாள். டீச்சர் தலையசைத்தார். நோண்டி ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினாள்.

ஒரு நொடி ஒன்றும் நடக்காதது போல இருந்தது.

டர்ர்ர்.

இவ்வளவு இனிமையான சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. திரையில் எண்கள் ஏறின. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. நாற்காலி இடதுபக்கம் மெல்ல எழும்பி நேரானது. முப்பத்தைந்து வந்ததும் மெஷின் நின்றது. வாசலில் கணக்கு சாரின் தலை தெரிவதற்குள் வேலையே முடிந்துவிட்டது.

முனையைத் துணியால் பிடித்துக் கழற்றி, மூடியைத் திருகினாள்.

கேப்டன் பிரேக்கை எடுத்தான். நாற்காலி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. வாயில் ஏறியது. ஷீட் சுருளவில்லை. கடைசியாக, “வாட்ச்மேன் அண்ணே, தூங்கினது போதும், வழி விடுங்க,” என்ற குரல் மட்டும் வெளியே கேட்டது.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. கை கழுவிய ஈரத்தோடு ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் வரிசையாக வந்தார்கள். திமிங்கலத்தைப் பார்த்ததும் வரிசை கலைந்தது. கேப்டனின் குரல் வயிற்றுக்குள்ளிருந்து கணீரென்று வந்தது. “பயப்படாம வாங்க. இது சாப்பிட்டாச்சு.”

சாயந்தரம் மாமா வந்தார். நோண்டி மெஷினை அவர் கையில் கொடுத்தாள். கொடுத்த கையோடு ஸ்வெட்டர் கதையையும் சொன்னாள். ஒரு வரிகூட விடவில்லை.

மாமா மெஷினை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மெஷினைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு வேனின் சக்கரத்தில் மாட்டி, ஐம்பதை வைத்து, பொத்தானை அழுத்தினார். அது டர்ர்ர் என்று ஓடி, ஒழுங்காக நின்றது.

“பொத்தினா கத்த முடியாதுன்னு நேத்தே சொன்னேன்,” என்றார்.

“நேத்து கேட்டுக்கிட்டேன் மாமா. இன்னிக்குத்தான் புரிஞ்சுது.”

“சரி, பிழைச்சுது. எங்கே உன் திமிங்கலம்? விசிறியில ஓடுதாமே?”

மாமா நல்ல உயரம். வாய் வழியாக நன்றாகக் குனிந்துதான் உள்ளே போனார். நடுவயிற்றில் நிமிர்ந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். வெளிச்சம் நீலமாக வடிந்தது. காற்று முடியை லேசாகக் கலைத்தது.

“அட,” என்றார். “வெறும் காத்துதானா இதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது? கம்பி, கட்டை ஒண்ணுமே இல்லையே. இந்த ஓரம் ஏன் சாயல? இந்த டேப் எதுக்கு? இதைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்த்தா…”

சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலை நீட்டி, டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பினார்.

நோண்டி அந்த விரலைப் பிடித்து மெதுவாக மடக்கினாள்.

“மாமா,” என்றாள், “சும்மா நோண்டாதீங்க.”